வாசலில் ஊற்றிய தண்ணீர்

கோய் நகரம்,
சனிக்கிழமை காலை.

என் உயிரான யாஷார் ஜானுக்கு, தெல்பர் எழுதுவது.

உங்களைப் பிரிந்திருப்பதைத் தவிர எங்களுக்கு இங்கே வேறு மனக்குறை ஏதுமில்லை என்று எழுதித்தான் நம் ஊரில் கடிதம் தொடங்குவார்கள். நீங்கள் போனதிலிருந்து ஐந்து வருடமாக நானும் அப்படித்தான் தொடங்கி வருகிறேன். இந்தத் தடவை கை வரவில்லை. இன்னொரு குறையும் சேர்ந்துவிட்டது. அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டிருக்கிறேன். உங்கள் போனோ, எல்லைக்கு அந்தப் பக்கம் வந்து உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மறுவாரத்திலிருந்து அணைந்தே கிடக்கிறது. அதனால் சுற்றுலா பஸ் ஓட்டும் ரஹிம் ஆகாவிடம் இதைக் கொடுக்கிறேன். எல்லை தாண்டியதும் தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வேலை செய்யும் ரொட்டிக் கடை விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. மாரால் நன்றாகச் சாப்பிடுகிறாள். நீங்கள் வாங்கிக் கொடுத்த சிவப்புச் சப்பாத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அப்பாவைப் பார்த்தேன் என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாலு வயதுப் பிள்ளையின் வாயை எத்தனை நாள் கட்டி வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

எதிர்வீட்டு அம்மா, அதே அக்தர் கானும்தான், வழக்கம்போல விசாரணைக்கு வந்தாள். அவளுக்காகவே நான் அந்த இரண்டு நாளிலும் கடை கடையாக ஏறி நாலு பை நிறையச் சுமந்து வந்தேன். வான் நகரத்துக்கு வியாழன், வெள்ளி என்று வாரக் கடைசிச் சுற்றுலா போனவள் வெறுங்கையோடு திரும்பினால் எவள் நம்புவாள்? அவள் ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏன்டி தெல்பர், இது நம்ம பஜார்லயே தொங்குதே, இதுக்கா பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கிட்டுப் போனே” என்றாள். நானும் ஏமாந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகம் எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

யாஷார், அந்த வியாழக்கிழமை மத்தியானத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஹோட்டல் வாசலில் மிட்டாய்ப் பெட்டியோடு நின்றீர்கள். மாரால் பிறந்ததிலிருந்து உங்களைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். என் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “இந்த மாமா யாரு” என்று கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. அன்று முழுக்க உங்களிடம் வரவேயில்லை. ஹோட்டல் கூடத்தில் ஒரு கண் நீலமும் ஒரு கண் மஞ்சளுமாக இருந்த அந்த வெள்ளைப் பூனையிடம் மணிக்கணக்காகப் பேசினாள். “பூனைக்குக் கிடைச்ச மரியாதை பெத்தவனுக்குக் கிடைக்கலை பாரு” என்று நீங்கள் சொன்னபோது நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

ஏரிக்கரையில் அவள் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அவள் உங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்க காலு ஏன் இப்படி நனைஞ்சிருக்கு” என்றாள். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். சப்பாத்து இரண்டும் காய்ந்துதான் இருந்தன. பிள்ளை ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டோம். அவள் விடவில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் தானாகவே நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி உங்கள் கால்மேல் போர்த்தினாள். “அப்பாக்குக் குளிருது” என்றாள்.

முதல்முறையாக அப்பா என்றாள். உங்கள் கையிலிருந்த ரொட்டியை அவள் தட்டில் வைத்தீர்கள். நான் தேநீர் வாங்கிவரும் சாக்கில் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாப் பயத்தையும் மென்று விழுங்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்தேன். அது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் குளிருது என்று அவள் சொன்னதை நான் காதிலேயே வாங்கவில்லை.

பிறகு ஹோட்டல் மாடிப்படியில் நீங்கள் என்னிடம் சொன்னது. அப்போது அவள் கீழே கூடத்தில் பூனையோடு இருந்தாள், அவள் காதில் விழ வழியே இல்லை. மலைப்பாதை தெரிந்த ஆள் ஒருவன் இருக்கிறான் என்றீர்கள். “ஒரே ஒரு தடவை தெல்பர். அவ தன் படுக்கையில தூங்கறதைப் பக்கத்துல உக்காந்து பார்க்கணும். விடியறதுக்குள்ள போயிடறேன்” என்றீர்கள். மலையில் இன்னும் பனி உருகவில்லை, வழியெல்லாம் காவல், இந்தப் பக்கம் கால் வைத்தால் உங்களைப் பிடித்துக்கொண்டு போக ஆள் காத்திருக்கிறது என்று நான் சொன்னேன். நீங்கள் சரி என்றீர்கள். உங்கள் சரி எனக்குத் தெரியாததா? ஆலை வேலைநிறுத்தத்தில் வாசலில் எழுந்து பேசப் போகாதீர்கள் என்று நான் கெஞ்சிய அன்றும் இதே மாதிரி சரி என்றுதானே சொன்னீர்கள், அந்தப் பேச்சுதானே உங்களை எல்லை தாண்டி ஓட வைத்தது.

நீங்கள் இந்த வீட்டைவிட்டுப் போன அந்த விடியற்காலையில் நான் தண்ணீர்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன். ஊற்றாதே என்றீர்கள். தெரு நனைந்திருந்தால் இந்த வீட்டிலிருந்து யாரோ பயணம் போயிருக்கிறார்கள் என்று அக்தர் கானுமுக்குத் தெரிந்துவிடும், அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அதனால் உங்களுக்குப் பின்னால் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. போனவர் சீக்கிரம் திரும்பி வரட்டும் என்று எல்லாருக்கும் ஊற்றும் தண்ணீர் உங்களுக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. நான் வயிற்றுப் பிள்ளையோடு கிண்ணத்தைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வான் நகரத்திலிருந்து உங்கள் பஸ் கிளம்பும்போது மாரால் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினாள். தெருவில் பார்த்துப் பழகியதுதான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை, வந்தால் உங்களை இழந்துவிடுவேன். போத்தலைப் பிடுங்கினேன். அதற்குள் அவள் ஒரு வாய் குடித்திருந்தாள். விழுங்கவில்லை. கன்னம் உப்பிக்கொண்டு நின்றவள், பஸ் நகர்ந்ததும் ஓடிப்போய் அதன் பின்னால் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினாள். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

ஊர் திரும்பி ஒரு வாரம் போயிருக்கும். காலையில் கதவைத் திறந்தால் வாசல் கல் நனைந்திருந்தது. மழை இல்லை. அக்தர் கானும் வாசல் கழுவியது வழிந்து வந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் நனைந்திருந்தது. அன்று உற்றுப் பார்த்தேன். தண்ணீர் எங்கிருந்தும் வழிந்து வரவில்லை. நம் நிலைப்படியிலிருந்து தெருப் பக்கமாக வீசி ஊற்றியிருக்கிறது, பயணம் போகிறவருக்குப் பின்னால் ஊற்றுவோமே, அதே மாதிரி. கிண்ணத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அப்படியும் நிற்கவில்லை. கதவின் மேல் தாழ்ப்பாள் எனக்கே எட்டி எட்டித்தான் வரும். நான் மாராலின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

அக்தர் கானும் வந்து, “உங்க வீட்லேர்ந்து யாரு தினம் ஊருக்குப் போறாங்க, வாசல் காயவே மாட்டேங்குதே” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். தூசி அடங்கத் தெளிக்கிறேன் என்றேன். அவள் என்னையும் ஈரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். இவள் கண்ணில் பட்டது வேறு எவர் கண்ணிலும் படாமலா இருக்கும்?

அன்று மாராலிடம் கேட்டுவிட்டேன். ரொட்டியில் தேன் தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்பாக்குத்தான். அவர் கிளம்பறப்ப நான் ஊத்தறேன். திரும்பி வரணும்ல” என்றாள். தாழ்ப்பாளை யார் திறந்தது என்று கேட்டேன். அப்பாதான் என்றாள். அப்பா வந்து என்ன செய்வார் என்று கேட்டேன். “பக்கத்துல உக்காந்து நான் தூங்கறதைப் பார்ப்பாரு. பேசவே மாட்டாரு” என்றாள்.

மாடிப்படியில் நீங்கள் சொன்ன அதே வார்த்தை. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்படி ஓர் ஆசையைச் சொல்லிவிட்டுப் போன உங்கள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே வீடு முழுக்கக் கண்ணேறு கழிக்கும் இஸ்பந்து விதையைத் தணலில் போட்டுப் புகை காட்டினேன். கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுகிறவர்களை நம்மைவிட மேலானவர்கள் என்று பெயர் சொல்லாமல் சொல்வோமே, அவர்கள் வேலையாக இருக்கட்டும், எங்களை விட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீங்கள் கூட இருந்திருந்தால் என்னைக் கேலி செய்தே கொன்றிருப்பீர்கள். ரஹிம் ஆகாவிடம் சொல்லி ரொட்டிக் கடைக்குப் போன் போடச் சொன்னேன். யாரோ எடுத்து, அவர் லீவில் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். உடம்பு சரியில்லாமல்தான் லீவு போட்டிருப்பீர்கள். உங்களுக்கு வசந்தம் வந்தாலே சளி பிடிக்கும். எலுமிச்சை பிழிந்து வெந்நீர் குடியுங்கள். கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

இன்று காலை வாசல் காய்ந்திருந்தது. கல்லைத் தொட்டுப் பார்த்தேன், நேற்றைய தூசி அப்படியே கிடந்தது. தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பினேன். மாரால் முன்னறையிலிருந்து வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள். விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் மெத்தையை விரித்துவிட்டு வந்திருக்கிறாள், அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “அப்பா இன்னைக்குப் போகலைம்மா. இனிமே போகவே மாட்டாராம். நீ சத்தம் போடாதே, தூங்கறாரு” என்றாள்.

இதை நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னறைக் கதவு சாத்தியபடியே இருக்கிறது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து அந்தச் சிவப்புச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், இவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. நான் கதவைத் திறக்கவில்லை. உங்கள் பதில் வரும்வரை திறக்கப் போவதுமில்லை.

ஆண்டவன் உங்களைக் கதகதப்பான இடத்தில், கூரைக்குக் கீழே வைத்திருக்கட்டும். அந்த மலைப்பாதையில் கிளம்பியிருந்தால் எந்த இடத்தில் இருந்தாலும் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். கிளம்பவேயில்லை என்றால், இதைக் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டிச் சிரியுங்கள், எனக்குக் கோபமே வராது. உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதுங்கள், யாஷார். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது தெல்பர் என்று எழுதுங்கள். அதைவிட நல்ல செய்தி எனக்கு வேண்டாம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தெல்பர்