கஞ்சி வரிசையில் நீ பாடிய பெயர்

பாசமுள்ள செல்லம்மா அக்காவுக்கு,

உன் தம்பி முத்தையா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழுதுகிறேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இங்கே மழை மறுபடியும் பொய்த்துவிட்டது. கண்மாய்கள் வெடித்துக் கிடக்கின்றன. ராஜபாளையம் சாலை மாந்தோப்பில், உன் காலத்தில் கஞ்சித் தொட்டி நடந்த அதே இடத்தில், நாளை மறுநாள் திரும்பவும் அடுப்பு மூட்டுகிறார்கள்.

அந்தச் செய்தியைச் சொல்ல மட்டும் நான் எழுத உட்காரவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன மாதம் சுந்தரபாண்டியத்துப் பண்ணையார் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த நேரம். அந்த மனிதர் யார் வாசலுக்கும் போய் நின்று நான் பார்த்ததில்லை. என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக் கேட்டார்.

"வாத்தியாரே, மூணு வருசமா மனசுக்குள்ள கெடந்து அரிக்குது. உங்க அக்கா அந்தப் பேரச் சாமிய நெனச்சுத்தான் பாடுனாளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை, அக்கா. புருஷனை இழந்து இருபது வயதில் நீ என்னிடம் வந்தாய். எட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். நீ எதை நம்பினாய் என்று ஒருவர் கேட்டபோது நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சில்லறை விஷயங்கள்தான். நம் வீடு தேரோடும் வீதியில் இருந்தது. சாமி புறப்பாடு வரும்போது வெள்ளைச்சேலைக்காரி எதிரே நிற்கக் கூடாது என்று நீயாகவே உள்ளே போய்விடுவாய். அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணால் பார்க்க முடியாத ஊர்வலத்தைக் காதால் பார்ப்பாய். நான் வீதியில் நின்று பார்த்துவிட்டு வந்தால், "ரெண்டாவது நாயனத்துக்கு இன்னைக்கு மூச்சு பத்தலையேலே, காய்ச்சலா அவருக்கு?" என்று கேட்பாய். மறுநாள் விசாரித்தால் அந்த நாயனக்காரருக்குக் காய்ச்சலாகத்தான் இருக்கும். அவர் வாசித்த ராகம் ஒரு வாரத்துக்கு உன் உலக்கையோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

இன்னொன்றும் தெரியும். சாயங்காலம் விளக்கை நீதான் ஏற்றுவாய். ஆனால் அதன் முன்னால் கைகூப்பி நின்று நான் உன்னைப் பார்த்ததில்லை. திரியைத் தூண்டிவிட்டு, விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு போய்விடுவாய். கேட்டிருக்கலாம். ஏன் கேட்காமல் இருந்தேன்?

அந்த வருஷம் பஞ்சம் வந்தபோது பண்ணையார் குருணையும் கம்பும் கொடுத்துக் கஞ்சித் தொட்டி வைத்தார். ஊற்ற ஆள் வேண்டும் என்றார்கள். "வீட்டுக்குள்ள உக்காந்து என்னத்தக் காணப்போறேன், நான் போயி ஊத்துதேன்" என்று நீ கிளம்பினாய். ராஜபாளையத்திலிருந்து வந்த தெலுங்குக்காரச் சமையல்காரர் வெங்கையா கிண்டிப் போட, நீ அகப்பை பிடித்தாய்.

பண்ணையார் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கஞ்சி வாங்க வருகிறவர்கள் சட்டியை நீட்டும் முன் "கோவிந்தா" என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுச் சரிபார்க்கப் பெரிய தொட்டியின் அருகில் அவருடைய காரியக்காரர் நின்றார். பண்ணையாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. "கஞ்சி ஒரு வேளைக்கு, நாமம் ஏழு பிறவிக்கு" என்று அவர் மனதார நம்பினார். தான் கொடுப்பதில் பெரிய தானம் அதுதான் என்று நினைத்தார்.

மூன்றாம் நாள், லீவானதால் நானும் தொட்டிப் பக்கத்தில் நின்றேன். அன்றைக்குத்தான் மைதீன் பீவி வந்தாள். புருஷன் ராஜபாளையத்தில் பஞ்சு கொட்டுகிறவன், படுக்கையில் கிடந்தான். இரண்டு பெண்குழந்தைகள் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றன. சட்டியை நீட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லும்மா" என்றார் காரியக்காரர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு வார்த்தைதான? சொன்னா நாக்கா தேஞ்சுபோகும்?"

"என் நாக்கு தேயாது, ஐயா. நாளைக்கு நான் தொழுகையில நிக்கணும்லா" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். அவளுக்குப் பின்னால், கழுத்தில் சிலுவையோடு நின்ற வேதக்காரக் குடும்பமும் மண்ணைப் பார்த்தது.

உன் கையில் அகப்பை அப்படியே நின்றது. நீ யோசித்தது செத்த நேரம்தான். காரியக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, ஐயாவுக்குப் பேரு காதுல விழணும், அம்புட்டுத்தான? ஒவ்வொருத்தரா கத்துனா ஆளுக்கு ஒரு தடவதான் விழும். அவியளுக்கும் சேத்து நானே சொல்லுதேன்" என்றாய். பிறகு பாட ஆரம்பித்தாய்.

ஒரே ஒரு சொல். கோவிந்தா. அதை இழுத்து, மேலே ஏற்றி, நாயனக்காரர் செய்வது போலவே வளைத்து, கீழே கொண்டுவந்து வைப்பதற்குள் ஐந்து சட்டிகள் நிறைந்திருந்தன. மைதீன் பீவியின் சட்டி முதலாவது. வெங்கையா துடுப்பை நிறுத்திவிட்டு, "பாகுந்தம்மா, சால பாகுந்தி" என்றார். நன்றாயிருக்கிறது, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று அவர் பாஷையில் சொன்னதை நான்தான் உனக்குச் சொன்னேன். காரியக்காரர் மறுக்க ஒன்றும் கிடைக்காமல் காதைக் குடைந்துகொண்டார். நாமம் குறையவில்லையே! முன்னைவிட அதிகமாகத்தானே ஒலிக்கிறது?

இதற்கு அடுத்து நடந்ததை நீ யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு வத்திராயிருப்பில் பெண் பேசி முடித்திருந்தது. ஒரு வாரத்துக்குள் அங்கிருந்து ஆள் வந்தது. "தாலியறுத்த பொண்ணு நடுரோட்டுல நின்னு பாடுதாளாம்ல? எங்க வீட்டுப் பிள்ளைய அந்த வீட்டுக்கு எப்படி அனுப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் உன்னிடம் நேராகப் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாளையிலேருந்து பாட வேண்டாம், அக்கா" என்றேன். நீ காரணம் கேட்கவில்லை. "சரி" என்றாய். எனக்கு ரசம் ஊற்றினாய்.

மறுநாள் நீ பாடவில்லை. காரியக்காரர் பழையபடி ஒவ்வொரு வாயாகக் கேட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நான் அங்கே ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியாது. நீ பேச்சைக் காப்பாற்றுகிறாயா என்று பார்க்க வந்தேனோ என்னவோ. மைதீன் பீவியின் முறை வந்தது. அவள் உன் முகத்தைப் பார்த்தாள். நீ தொட்டிக்குள் பார்த்தாய். அவள் இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு நடந்துபோனாள். வேதக்காரக் குடும்பமும் போனது. சின்னப் பெண் மட்டும் காலிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பித் திரும்பித் தொட்டியைப் பார்த்தபடி போயிற்று.

நான் அவர்கள் பின்னால் ஓடினேன். கண்மாய்க் கரையில் போய்ப் பிடித்தேன். "நாளைக்கு வாங்க. அக்கா பாடும்" என்றேன். "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டாள் மைதீன் பீவி. "பாட வேண்டாம்னு சொன்னவன்" என்றேன். அவள் சின்னப் பெண்ணிடமிருந்து காலிச் சட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்து உன்னிடம், "பாடு, அக்கா" என்றேன். "கல்யாணம்?" என்றாய். அப்போதுதான் உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் நீ பாடினாய், அவர்களும் வந்தார்கள். வத்திராயிருப்புச் சம்பந்தம் முறிந்தது. நானேதான் உன்னைப் பாடச் சொன்னேன். ஆனாலும் நாலு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மனசு எப்படிப்பட்ட சாமான் பார்.

பண்ணையார் தொட்டிக்கு வந்த நாளும் நான் அங்கே இருந்தேன். ஆட்கள் வாய் திறக்காமலே கஞ்சி வாங்குகிறார்கள் என்று காதில் விழுந்து அவர் கோபமாகத்தான் வந்தார். வண்டியை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தவர் மாமரத்தடியில் நின்றுவிட்டார். நீ அவரைப் பார்க்கவில்லை. வரிசை நீளம், வெயில், உன் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் அந்தப் பெயர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கடைசிச் சட்டி நிறையும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு பக்கத்தில் வந்து, "இத யாருகிட்டக் கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"உங்ககிட்டத்தான், ஐயா. ஆடிப்பூரத்துக்கு நீங்கதான வருசா வருசம் மேளம் வைக்கிய? வீட்டுக்குள்ள இருந்து கேட்டேன்."

"உள்ள இருந்தா? வெளிய வந்து கேட்டா என்ன?"

நீ உன் வெள்ளைச் சேலையைப் பார்த்தாய். அவர் முகம் என்னவோ போலாயிற்று. "நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன். சரி, நீயே பாடு" என்றார் உன்னிடம். "அவங்களக் கேக்க வேண்டாம்" என்று காரியக்காரரிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

மழை வந்தது. மழையோடு வாந்திபேதியும் வந்தது. காலையில் கஞ்சி ஊற்றப் போன நீ மத்தியானம் படுத்தாய். மறுநாள் இல்லை. வாயைத் திறந்து நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உனக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பண்ணையார் கேட்டுவிட்டுப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வெள்ளிக்கிழமை ராஜபாளையத்துக்கு நடந்தே போனேன். மைதீன் பீவி இப்போது வீட்டிலேயே மெத்தை தைக்கிறாள். புருஷன் எழுந்து நடமாடுகிறான். என்னைக் கண்டதும், "பாட வேண்டாம்னு சொன்ன தம்பியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், அக்கா. எனக்குத்தான் காது சுட்டது.

பண்ணையார் கேட்ட கேள்வியைச் சொன்னேன். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுப் பேசினாள்.

"இத நானும் அவியகிட்டக் கேட்டேன், தம்பி. ஏளா, நீ உங்க சாமிய நெனச்சுத்தான் பாடுதியான்னு. அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? 'எனக்கே தெரியல, பீவி. எம்புருசன் சாகக் கெடந்தப்ப தொண்ட கிழியக் கூப்புட்டேன். வரல. இங்க கூப்புட்டா கஞ்சி வருதுல்ல, அதான் கூப்புடுதேன்'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

பிறகு அவளிடமே கேட்டேன். "அந்தப் பேரச் சொல்ல மாட்டேன்னு நின்னீங்களே, அக்கா பாடும்போது உங்களுக்குச் சங்கடமா இல்லையா?"

"நான் வாயத் தொறக்கல. காதையும் சேத்து மூடணுமாக்கும்? எம்புள்ளைக அந்தப் பாட்டக் கேட்டுக்கிட்டேதான் குடிச்சுதுக. நல்லாருந்துச்சு, தம்பி. நல்லாருந்தத நல்லாருந்துச்சுன்னு சொல்ல எனக்கு என்ன பயம்?"

இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே பண்ணையாரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கூப்பிட்டபோது வரவில்லை என்ற வார்த்தையை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். போன வருஷம் அவருடைய மூத்த மகன் தவறிவிட்டான், உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிறகு, "இந்த வருசம் யாரு பாடுவா?" என்றார்.

"யாரும் இல்லை, ஐயா."

"பஞ்சத்துல திருவிழாவச் சுருக்கியாச்சு. நாயனக்காரங்க வேலையில்லாமப் பட்டினி கெடக்காங்க. அவங்கள வந்து வாசிக்கச் சொல்லுவோம். வாசிச்சிட்டு அவங்களும் குடிக்கட்டும்." தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சேர்த்தார். "நாயனத்துல பேரு கெடையாது பாருங்க. அவரவருக்கு எது கேக்குதோ அது."

இப்படியொரு யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது? உன்னிடமிருந்தா, மகனிடமிருந்தா? வெறும் சங்கீதப் பைத்தியமா? உன் விஷயத்தில் ஒரு பதிலைத் தேடிப் போய் மூன்று கேள்விகளோடு திரும்பியிருக்கிறேன். வந்து ஏதாவது சொல்லேன். கனவிலாவது.

நேற்று தோப்பில் ஒத்திகை மாதிரி வாசித்துப் பார்த்தார்கள். ரெண்டாவது நாயனம் இப்போது வேறு ஆள். மூச்சு பத்துகிறது. வெங்கையா வந்துவிட்டார். கிழடு தட்டிவிட்டது. ஆனாலும் துடுப்பை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறார். அகப்பை பிடிக்க ஆள் தேடினார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பாட வராது, அக்கா. உனக்கு ஒரு சத்தியம் மட்டும் செய்ய முடியும். வரிசையில் வருகிறவர்கள் வாயை நான் பார்க்க மாட்டேன். நீட்டுகிற சட்டியை மட்டும் பார்ப்பேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
முத்தையா