இருபத்தேழாம் வருஷத்து வெயில்

1931 ஏப்ரல் 27, திங்கள்

உச்ச வெப்பம் 102 டிகிரி. காற்று இல்லை. என் மனைவி மீனாம்பாள் காலையில் மாடியில் போட்ட வடகம் சாயங்காலமே சலசலவென்று காய்ந்து கிடந்தது. போன வருஷம் இரண்டு நாள் ஆனது என்கிறாள்.

டிஸ்பென்சரிக்கு இன்று நாற்பத்தொரு பேர். பாதிக்குமேல் ஆற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரி ஆட்கள். கையில் சுண்ணாம்புப் புண், கண் எரிச்சல், தலைசுற்றல். எல்லோருக்கும் மருந்து கலக்கி முடிக்க நாலரை ஆகிவிட்டது. பிறகு பின்பக்கம் போய் வெள்ளையடித்த மரப்பெட்டியைத் திறந்து உஷ்ணமானியைப் பார்த்தேன். அன்றைய உச்சத்தை அது பிடித்து வைத்திருக்கும். எழுதிக்கொண்டு, உதறி இறக்கிவிட வேண்டும். இந்த எட்டு வருஷமாக கம்பவுண்டர் வேலையோடு இதுவும் என் தலையில்.

மே 1, வெள்ளி

104. உடம்பு எங்கும் வேர்க்குரு. ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை.

மே 4, திங்கள்

106. கத்திரி இன்றுதான் பிறக்கிறது. அதற்குள் இப்படி.

டேனரி மேஸ்திரி முனீர் பாய் வந்தார். மருந்துக்கு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து மூணு பேரு வேலையிலயே உக்காந்துட்டாங்க கம்பவுண்டரே. மேல தகரக் கூரை, கீழ சுண்ணாம்புத் தொட்டி. மதியம் மூணு மணி நேரம் விடுங்கன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். 'கோடைன்னா வெயில் அடிக்காம பனியா பெய்யும்? வருசா வருசம் இதேதான்'ன்றாரு."

மேனேஜர் காசிநாதனை எனக்குத் தெரியும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேசைமேல் இருக்கும் காகிதத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர்.

"நீங்கதான் தெனம் எழுதுறீங்களே. இந்த வருசம் ஜாஸ்திதானே?"

ஜாஸ்திதான் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஜாஸ்தி என்றால் எதைவிட ஜாஸ்தி என்று யாராவது கேட்பார்கள்.

மே 9, சனி

109.

மதியம் ஒன்றரைக்குக் கன்னியப்பனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தொட்டியிலிருந்து தோல் இழுத்துப் போடுகிறவன். முப்பது வயது இருந்தால் அதிகம். தோல் வறண்டு, நெருப்பாய் இருந்தான். வேர்வை ஒரு பொட்டு இல்லை. டாக்டர் ஜுரமானி வைத்தார் — 108. மனித உடம்பில் அப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை. ஈரத்துணி போட்டு, குடம் குடமாய் ஊற்றி, விசிறி, மறுபடி ஊற்றி... மூன்றே முக்காலுக்குப் போய்விட்டான்.

ஐந்து மணிக்கு நான் பெட்டியைத் திறந்து 109 என்று எழுதினேன். மற்ற நாள் போலவே உதறி இறக்கிவிட்டேன்.

மே 10, ஞாயிறு

கன்னியப்பனின் மனைவி வள்ளியம்மாள் வந்தாள். அவனைப் பலகையோடு கட்டியிருந்த தன் சேலையைக் கேட்க வந்தவள், கொடுத்த பிறகும் போகவில்லை.

"அவரு கள்ளு குடிச்சிருந்தாருன்னு மேனேஜர் சொல்றாராம். அவரு குடிக்க மாட்டாருங்க. வெயிலுக்கு ஒண்ணும் சாக மாட்டாங்க, எல்லா வருசமும் அடிக்கிற வெயிலுதான்னும் சொல்றாராம். நெசமா? எல்லா வருசமும் அடிக்கிறதுதானா இது?"

ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்க்காமலே எனக்குத் தெரியும், அதில் என்ன இருக்கிறது என்று.

மே 12, செவ்வாய்

107. முனீர் பாயும் நாற்பது பேரும் பஞ்சாயத்து போர்டுக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். மழை விழும்வரை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை டேனரிகள் வேலையை நிறுத்த வேண்டும் என்று. போர்டிலிருந்து டாக்டருக்குக் கடிதம்: வழக்கமான கோடைதான் என்றால் போர்டு தலையிடாது. இதுவரை பதிவான எல்லாக் கோடையையும் மிஞ்சியது என்றால் சுகாதாரத்தை முன்னிட்டு உத்தரவு போடலாம். வருஷவாரியாக ஒப்பிட்டு அறிக்கை தரவும். அடுத்த செவ்வாய் கூட்டம்.

டாக்டர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "உமக்கு அரை நாள் வேலை, பஞ்சாட்சரம்."

மே 13, புதன்

108. அரை நாள் வேலைதான். முடித்துவிட்டேன்.

மே மாத முதல் பன்னிரண்டு நாட்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரி போட்டேன். 1923-இல் 101. அடுத்த வருஷம் 100. பிறகு 102, 101. 28, 29, 30 மூன்றும் நூற்றொன்றை ஒட்டித்தான். இந்த வருஷம் 107. ஆறு பாகை அதிகம்! யாரும் வாய் திறக்க முடியாது.

1927 மட்டும் இல்லாவிட்டால்.

1927-இல் 109. அந்த மாதம் பதினான்காம் தேதி 112.

எழுதித்தான் ஆக வேண்டும். இதிலாவது எழுதுகிறேன். அந்த வருஷம் மே மூன்றிலிருந்து இருபத்தொன்று வரை நான் இந்த ஊரிலேயே இல்லை. மீனாம்பாள் குடியாத்தத்தில் தாய் வீட்டில் விஷ ஜுரத்தில் கிடந்தாள். லீவு எழுதிக் கொடுத்தபோது அப்போதிருந்த டாக்டர், பெட்டியைப் பார்க்க யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுப் போ என்றார். சரி என்றேன். செய்யவில்லை. ரயிலைப் பிடிக்கிற அவசரம். திரும்பி வந்தால் பத்தொன்பது வரி வெறுமையாக இருந்தது. மாத அறிக்கை அனுப்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது. ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பினேன். எந்த எண்ணைப் போடுவது? பத்தொன்பது நாளும் அவள் நெற்றியிலேயே கை வைத்திருந்தவன் நான். உலகமே கொதித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். 108, 110, 112. பதினான்காம் தேதி அவள் என்னை யாரென்று கேட்ட நாள்.

நாலு வருஷமாக யாருக்கும் அதனால் ஒரு கேடும் இல்லை என்று இருந்தேன்.

மே 14, வியாழன்

108. காசிநாதன் வந்தார். மனு டேனரிகளைப் பற்றியது என்பதால் ரிஜிஸ்டரைப் பார்க்க போர்டில் அனுமதி வாங்கியிருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாக, பொறுமையாகப் புரட்டினார். 27-இல் விரல் நின்றது.

"நூத்திப் பன்னெண்டு!" என்றார். "அப்பவும் டேனரி ஷாப்பு நடந்துது. ஒரு ஆள் சாகல. உங்க கையெழுத்துதானே இது?"

"ஆமாம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போனார். நான்தான் மசி கொடுத்தேன்.

மே 15, வெள்ளி

உட்கார முடியவில்லை. நின்றால் உட்காரத் தோன்றுகிறது. இரண்டு தடவை மிக்ஸ்சர் மருந்தின் அளவு தப்பிப் போய்க் கொட்டிவிட்டுக் கலந்தேன்.

இன்று நடந்ததையும் எழுதிவிட வேண்டும். ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். 108. ரிஜிஸ்டரைப் பிரித்தபோது ஒரு யோசனை வந்தது. வந்தது என்ன, காலையிலிருந்தே உள்ளே இருந்தது. 113 என்று எழுதினால்? இன்றைக்கு 113, நாளைக்கு 114. செவ்வாய்க்குள் 27-ஐ மிஞ்சிவிடலாம். உஷ்ணமானியை உதறிவிட்டால் யாருக்குத் தெரியும்? நல்ல காரியத்துக்குத்தானே. நாற்பது பேர் மூன்று மணி நேரம் நிழலில் உட்காருவார்கள்.

பேனாவை மசியில் தோய்த்து ஒன்று எழுதி, இன்னொரு ஒன்றும் எழுதிவிட்டேன். மூன்று மட்டும்தான் பாக்கி.

எழுதவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. இன்னும் நாலு வருஷம் கழித்து இதே ஊரில் இன்னொருவனைக் கதவுப் பலகையில் தூக்கி வருவார்கள். 'முப்பத்தொண்ணுல நூத்திப் பதினாலு, அப்பவே ஷாப்பு நடந்துது' என்று எவனாவது விரல் வைப்பான்.

இரண்டாவது ஒன்றை அடித்து, பக்கத்தில் 08 என்று போட்டேன். அந்த அடித்தல் அசிங்கமாகத் தெரிகிறது. தெரியட்டும்.

மே 16, சனி

107. மீனாம்பாளிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. எவ்வளவு முட்டாள் நான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "என் காய்ச்சலயா கவர்மெண்ட் புக்குல எழுதி வச்சீங்க?"

பிறகு, "அந்த வள்ளியம்மா வந்து நின்னாளே, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சும் பாத்துச் சொல்றேன்னு அனுப்பிட்டீங்க."

சோறு போட்டாள். தண்ணீர் வைத்தாள். பேசவில்லை.

மே 17, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

"இதை என்கிட்ட ஏன் சொன்னீர்? இப்ப எனக்கும் தெரியும்னு ஆயிடுச்சு. வேலை போகும், பஞ்சாட்சரம். நான் காப்பாத்த முடியாது."

"காப்பாத்தச் சொல்லி வரலைங்க."

"சொன்னாலும் நம்புவாங்கன்னு என்ன நிச்சயம்? மனு போட்டவங்களுக்காக இப்பப் பொய் சொல்றீர்ன்னு காசிநாதன் சொல்வார். அப்பப் பொய்யா, இப்பப் பொய்யான்னு யார் கண்டா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. வேலையும் போய், பலனும் இல்லாமல் போனால்? தெரு முழுக்க அதையே மென்றுகொண்டு வந்தேன். 108.

மே 18, திங்கள்

108. மீனாம்பாள் இன்று ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: "அன்னிக்கு லீவு எழுதிக் குடுத்துட்டுத்தானே வந்தீங்க? அந்த லீவு புக்கு எங்க?"

மே 19, செவ்வாய்

106. கூட்டம் காலை பத்து மணிக்கு. பிரசிடெண்ட் சாயபுவும் தோல் வியாபாரிதான்; அவருக்கே பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு டேனரி உண்டு. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

காசிநாதன் நகலை வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அறிக்கையைப் படித்தேன். 27-க்கு வந்ததும், "அந்த வருஷத்துப் பத்தொன்பது எண்கள் நான் பார்த்து எழுதியவை அல்ல, கற்பனையாக எழுதியவை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பிரசிடெண்ட் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வாசலில் நின்ற முனீர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காசிநாதன் எழுந்தார். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. "அப்ப பொய் எழுதினேன்னு சொல்ற மனுசன், இப்ப சொல்றது நிஜம்னு எப்படி எடுத்துக்கறது?"

லீவுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். மே 3 முதல் 21 வரை லீவு. பழைய டாக்டரின் கையெழுத்து. பிரசிடெண்ட் ஒரு கையால் அதையும் இன்னொரு கையால் ரிஜிஸ்டரையும் பிடித்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தார். இரண்டு புத்தகமும் நாலு வருஷமாக ஒரே அலமாரியில், மேல் தட்டும் கீழ்த் தட்டுமாக இருந்தவைதான்.

"ஊர்லயே இல்லாத ஆளு ஒரு நாளைக்குக்கூட விடாம எழுதியிருக்காரு" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "காசிநாதன், இதை நீங்களே பாருங்க."

காசிநாதன் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி உட்கார்ந்துவிட்டார். காகிதத்தை நம்புகிற மனிதர்.

27-ஐ நீக்கி மற்ற வருஷங்களோடு ஒப்பிட்டார்கள். வழக்கத்துக்கு மீறிய கோடை என்று தீர்மானம். மழை விழும்வரை பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வேலை இல்லை. இரண்டாவது தீர்மானம் என்னைப் பற்றியது. விசாரணை முடியும்வரை டிஸ்பென்சரிக்குள் போகக் கூடாது.

வீட்டுக்குப் போகாமல் நேரே வள்ளியம்மாளிடம் போனேன். "எல்லா வருஷமும் அடிக்கிற வெயில் இல்லைம்மா இது" என்றேன். ஒன்பது நாள் தாமதமாக. அவள் தலையை ஆட்டினாள். "எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

சாயங்காலம் டாக்டரே பெட்டியைத் திறந்து பார்த்ததாகச் சொல்லி அனுப்பினார். அந்த 106 அவர் எழுதியது.

ஜூன் 3, புதன்

உத்தரவு வந்தது. வேலை நீக்கம். இரண்டு வரிதான். மீனாம்பாளிடம் வாசித்துக் காட்டினேன். "குடியாத்தத்துக்குக் கடுதாசி போடுங்க, அங்க ரெண்டு மூணு டாக்டருங்க இருக்காங்க" என்றாள். லீவு புக்கு எங்க என்று கேட்ட பிறகு, பதினாறு நாள் கழித்து அவளாகப் பேசிய பேச்சு.

ஜூன் 8, திங்கள்

மழை. மூன்று மணிக்குள் நின்றுவிட்டது. டேனரிகள் நாளையிலிருந்து பழையபடி.

1932 மே 11, புதன், குடியாத்தம்

முனீர் பாய் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். மீனாம்பாள் மோர் கொடுத்தாள். நான் வேலை பார்க்கும் டாக்டர் வீட்டு மருந்துப் பொடி இன்னும் என் நகத்தில் இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த வருஷம் உத்தரவு உண்டா என்று கேட்டேன்.

"உத்தரவா? யாரு போய் கேட்டா? சித்திரை பொறந்து நாலாம் நாளு, பன்னெண்டு அடிச்சுது, ஆளுங்க எல்லாம் கையக் கழுவிட்டு வெளிய போய்ட்டாங்க. மேனேஜர் வாசப்படில நின்னு பாத்தாரு. மறுநாள்லேர்ந்து அவரே மணி அடிக்கச் சொல்லிட்டாரு."

"இந்த வருஷம் வெயில் கம்மின்னு சொல்றாங்களே."

"கம்மிதான்" என்றார் முனீர் பாய். "அதையெல்லாம் இப்ப ஒருத்தரும் கேக்கறதில்ல."

வள்ளியம்மாள் அதே டேனரியில் தோல் பதனிடும் மரப்பட்டை இடிக்கச் சேர்ந்திருக்கிறாளாம். மணி அடித்ததும் அவளும் மற்றப் பெண்களோடு வெளியே வந்து புங்கமரத்தடியில் படுத்துக்கொள்கிறாளாம்.