குருவி சாமிகிட்ட போயிடுச்சு

12.7.1999, திங்கள்

அவர் தவறிப்போனதை நித்யாவுக்குப் புரிய வைக்க என்று தங்கை தந்த படக்கதைப் புத்தகத்தை இன்றுதான் பிரித்தேன். ஒரு பக்கத்தில் குருவி மல்லாந்து கிடக்கிறது. கீழே கொட்டை எழுத்தில், "குருவி செத்துப் போச்சு." எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத்தான் இன்னும் படிக்கத் தெரியாதே! "குருவி சாமிகிட்ட போயிடுச்சு" என்று மாற்றிப் படித்தேன். அவள் அப்பாவைப் பற்றியும் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.

"பொய். அப்பா கோயில்ல இல்லம்மா. ஒவ்வொரு வாட்டியும் பாக்குறேன், வாசல்ல அவரு செருப்பே இல்ல" என்றாள்.

கோபுர வாசலில் செருப்பு விடும் இடத்தைவிட்டு நகரமாட்டாள். விளையாடுகிறாள் என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறேன்!

புத்தகத்தைத் திரும்பப் பிரித்து, உள்ளதை உள்ளபடி படித்தேன்.

"செத்துப் போச்சுன்னா?"

"இனிமே வராதுடி. அப்பாவும் அப்படித்தான்."

அழவில்லை. குருவிப் படத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அப்பா செருப்பு எங்க?"

"பரண்மேல இருக்கு. நான்தான் பையில போட்டு வச்சிருக்கேன்."

"அப்பா வரமாட்டாருன்னா, ஏம்மா வச்சிருக்க?"