லிஃப்ட் நன்றாக இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாலுப் பேத்தியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலம் எத்தனையாவது மாடி வரைக்கும் தாங்கும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம், ஆகவே உட்கார்ந்து படி.

அடுத்த மாதம் நாங்கள் வரும்போது தங்குவதற்கு, உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி லிஃப்ட் உள்ள விடுதியில் அறை சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அப்பாவால் ஐந்து மாடி ஏற முடியாது, நாங்களே தினம் வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றும் எழுதியிருந்தாய். நல்ல மனசுதான். ஆனால் அந்த அறையை உடனே வேண்டாம் என்று சொல்லிவிடு. பார்வை நேரத்தில் பேத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக நான் என்ன உள்நோயாளியா. போன வருடம் நான் தனியாக வந்தபோது நடந்ததை நீ மரியாதைக்காக மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஊராரை மேலே ஏற்றி இறக்கியவன், பெற்ற பெண் வீட்டு இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளையும் கீழே சலவைக்கடை வைத்திருப்பவரும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள், மாடிக்கு மாடி கதவு திறந்தது. நாலாவது மாடியில் சலவைக்கடைக்காரர் மூச்சிரைக்க, ஐயா எங்க வேலை பாத்தீங்க என்று கேட்டார், லிஃப்ட் மெக்கானிக் என்றேன். அதற்குப் பிறகு ஐந்தாவது மாடி வரை நாற்காலி கொஞ்சம் குலுங்கியது. மேலே வாசலில் நின்ற வாலு, அம்மா, தாத்தா பார்சல் வந்திருக்கு என்று உள்ளே பார்த்துக் கத்தியது. அதுகூடப் பரவாயில்லை. பத்து நாளும் அவள் பூங்காவுக்கு வா தாத்தா என்று கையைப் பிடித்து இழுத்தாள், இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே என்று பேப்பர் படிப்பதாகச் சொன்னேன். பத்து நாளும் ஒரே பேப்பர்.

ஊர் திரும்பிய மறுநாளே தீர்மானம் செய்தேன். ஒரு வருடம், தினமும் நம் கட்டடத்தில் படியேறி ஐந்தாவது மாடியைத் தொட வேண்டும், வியாதி வந்தாலும் விருந்தாளி வந்தாலும் ஒரு மாடியாவது ஏறாமல் அந்த நாள் முடியக் கூடாது. முதல் நாள் ஒன்றரை மாடி. அந்த அரை மாடியில் உட்கார்ந்து நான் வாழ்க்கையைப் பற்றி நிறைய யோசித்தேன், வேறு எதுவும் செய்ய முடியவில்லை. நான்கைந்து நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. எட்டாவது மாடி வக்கீல் படியில் இறங்கி வந்தார். ஆறாவது மாடி டீச்சர் காய்கறிப் பையோடு படியில் ஏறிப் போனார். என்னைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் உடம்பைப் பேணும் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு லேசாகப் பெருமை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பிறகுதான் வாட்ச்மேன் என்னைத் தனியே கூப்பிட்டு, சார், கயிறு எதுவும் அறுந்துபோற மாதிரி இருக்கா, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, லிஃப்ட்காரரே படியில ஏறுறார்னா சும்மாவா ஏறுவார்னு எல்லாரும் பேசிக்கிறாங்க என்றார். குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு என்னிடம் விளக்கம் கேட்டது. கடைசியில் நானே ஒரு தாளில், லிஃப்ட் நன்றாக இருக்கிறது, நான்தான் சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு லிஃப்ட் கதவருகே ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் படித்துவிட்டு லிஃப்ட்டில் ஏறுகிறார்கள்.

இனி சொல்லப்போவதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. எங்கள் தொழிலில் ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஒரு பராமரிப்பு அட்டை உண்டு, தேதி போட்டு, பார்த்ததை எழுதி, கையெழுத்திட வேண்டும். எனக்கும் அப்படி ஓர் அட்டை தயாரித்துச் சமையலறைக் கதவில் தொங்கவிட்டேன். இடது முழங்காலில் சத்தம், எண்ணெய் போட வழியில்லை என்றெல்லாம் நேர்மையாகத்தான் எழுதி வந்தேன். ஒரு நாள், தேதி பன்னிரண்டு, உன் அம்மா அட்டையைப் பார்த்திருக்கிறாள், அதில் முப்பதாம் தேதி வரை நான் ஏறி முடித்திருந்தேன். மாதம் பிறந்ததும் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்தை முடித்துவிடுவது மெக்கானிக் கைப்பழக்கம், வேலை பிறகு நடக்கும், நடக்காமல் போனதில்லை என்று விளக்கினேன். அவள் நிதானமாக, ஏங்க, இந்தக் கையெழுத்தை நம்பியா முப்பத்து நாலு வருஷம் சனங்க மேல போயிட்டு வந்தாங்க, நானும் போனேனே என்றாள். உண்மையைச் சொன்னால் அந்த மாதம் அதுவரை நான்கு நாள் நான் ஏறவுமில்லை. பேனாவை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தினம் காலையில் அவள் லிஃப்ட்டில் ஐந்தாவது மாடிக்குப் போய் அட்டையோடு நிற்பாள், நான் படியில் போய்ச் சேர்ந்தால்தான் கையெழுத்து. நாலே முக்கால் மாடிக்குக் கையெழுத்து கிடையாது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நடுவில் ஐந்தாவது மாதம் முழங்கால் வீங்கியது. டாக்டர் மூன்று வாரம் படியே கூடாது என்றார். என் சட்டத்தில் வியாதிக்கு விலக்கு இல்லை, இருந்தாலும் சட்டம் போட்டவனே நொண்டும்போது என்ன செய்வது, நிறுத்தினேன். அம்மா அந்த இருபத்தோரு கட்டத்தையும் வெறுமையாகவே விட்டாள், எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத்தான் ஆத்திரம் வந்தது. இருபத்திரண்டாம் நாள் மறுபடி ஒன்றாவது மாடியிலிருந்து தொடங்கினேன், டாக்டர் சொன்னபடி கைப்பிடியைப் பிடித்து, மாடிக்கு மாடி ஒரு நிமிடம் நின்று. இப்போது எழுபது நாளாக ஐந்தாவது மாடி தவறவில்லை. வேகம் கிடையாது, படிப் பழக்கத்தை இன்னும் விடாத டீச்சர் வழியில் என்னை இரண்டு தடவை கடந்து போவார். ஆனால் போய்ச் சேர்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று உன் அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, அவ வீட்டில லிஃப்ட் கிடையாதுல்ல என்றாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது, அங்கே ஐந்தாவது மாடியில் எனக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் எப்படிப் போய்ச் சேருவாள். இத்தனை மாதமாக மேலே காத்திருந்தவள் ஒரு படிகூட ஏறியதில்லை. மறுநாள் அவள் லிஃப்ட் பக்கம் போகவில்லை, எனக்கு முன்னால் படியில் ஏறினாள். இரண்டாவது மாடியில் சுவரைப் பிடித்து நின்று, சிரிக்காதீங்க என்றாள், நான் சிரிக்கவில்லை, எனக்கு அந்த இடம் தெரியும். ஒரு வாரமாகத் தினம் ஏறுகிறோம். இன்று காலை நாலாவது மாடி வரை வந்துவிட்டாள். நான் ஐந்தாவதைத் தொட்டுவிட்டு இறங்கி வரும்வரை அங்கேயே படியில் உட்கார்ந்திருந்து, இடுப்பிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளுக்காகப் புது அட்டை ஒன்று எழுதி இன்றைய கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டேன், நாளைய கட்டத்தைத் தொடவில்லை.

ஆகவே அறை வேண்டாம். உன் வீட்டுப் படி மொத்தம் எத்தனை, ஒரு படி எவ்வளவு உயரம் என்று அளவுகோல் வைத்துப் பார்த்து எழுது, மறந்துவிடாதே. சலவைக்கடைக்காரருக்கு என் வணக்கம் சொல், நாற்காலியை அவர் கண்ணில் படாமல் உள்ளே வை. நாங்கள் வரும்போது நீ கீழே இறங்கி வராதே, கதவைத் திறந்து வைத்தால் போதும், நேரமானால் கவலைப்படாதே. வாலுவிடம் தாத்தா இந்தத் தடவை பூங்காவுக்கு வருவார் என்று சொல்லி வை. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனி அன்றன்றைக்கு மட்டும் கையெழுத்திடும்
உன் அப்பா