உங்கம்மா காலை நீட்டிட்டா

எருமப்பட்டி

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு அப்பா எழுதறது. நானும் உங்கம்மாவும் பண்ணைக் கோழிங்களும் நல்லா இருக்கறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த மெல்போர்ன் குளுர்ல சளி கிளி புடிக்காம இருக்கோணும்னு சாமியக் கும்பிட்டுக்கறேன். போன்ல பேசலாம்னா உங்கம்மா பக்கத்துலயே உக்காந்துக்கறா, அவளப் பத்தின சேதிய அவ முன்னாடி எப்பிடிச் சொல்றது, அதான் பேனாவ எடுத்தேன்.

நீ மசாஜ் வேலைக்குப் படிக்கறேன்னு சொன்னப்ப, ஊரான் காலப் புடிக்கவா உன்னப் பெத்தேன்னு அவ கத்துனது உனக்கு மறந்திருக்காது. இத்தன வருசமா சொந்தக்காரங்ககிட்ட நீ ஏதோ ஆபீஸ்ல இருக்கறதாத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சா. உனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு எனக்குத் தெரியும் சாமி.

அவளுக்கு முடக்குவாதம் கையோட நிக்காமப் பாதத்துக்கும் எறங்கிருச்சு. காத்தால எந்திரிச்சாச் செவுத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறா. நீ வீடியோவுல காட்டுனாப்ல எண்ணெய வெதுவெதுன்னு பண்ணிக் கைய நீவி உட்டேன், காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. காலத் தொடப் போனேன் பாரு, வெடுக்குனு இழுத்துக்கிட்டா. புருசன் எங்காலப் புடிச்சா எனக்குப் பாவமுங்க, ஊருல கேட்டாச் சிரிப்பாங்க, போங்க அக்கட்டன்னு ஒரே சண்ட. இதுல வீங்குன வெரல்ல மெட்டி சிக்கிச் சதைய அறுக்குது. டாக்டர் வெட்டி எடுத்தரலாம்னாரு. இவரு உசுரோட இருக்கறப்ப மெட்டிய வெட்டறதான்னு அங்கயே அழுதுட்டு ஊட்டுக்கு வந்துட்டா. எனக்கு வந்துச்சு பாரு கோவம், ஏன் சௌந்திரம், கல்யாணத்தன்னிக்கு அம்மி மேல உங்காலத் தூக்கி வெச்சு இந்த மெட்டியப் போட்டவன் எவன், அன்னிக்கு வராத பாவம் இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுப்புட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. ஆனா அதுக்கப்பறம் நான் கிட்டப் போனாக் கால இழுக்கல.

வீங்கிச் சுடறப்பத் தொடக் கூடாது, மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. மாத்திரையில சூடு அடங்கி வீக்கம் வத்துனப்பறந்தான் கை வெச்சேன். முட்ட எடுக்கறப்பப் புடிக்கற புடி, அதுக்கு மேல அழுத்தவே இல்ல. ஒருநா காத்தால மெட்டி வழுக்கிட்டு எங்கைக்கு வந்துருச்சு. அவ தேம்பித் தேம்பி அழுதா, எனக்கும் கண்ணு நெறஞ்சிருச்சு, சொன்னா என்ன. அன்னைக்கே பஸ் ஏறிச் சேலம் போயி, வெரலுக்குத் தக்கன விரிச்சுப் போட்டுக்கற மாதிரி வெள்ளி மெட்டி வாங்கியாந்தேன். போட்டு உட நான் உக்காந்தப்ப, கேக்கறதுக்கு முன்னாடி அவளே கால நீட்டிட்டா.

நேத்துப் பக்கத்தூட்டுக் கமலவேணி வந்தவ, செல்விக்கு எந்த ஆபீஸ்லீங்க வேலைன்னு கேட்டா. உங்கம்மா சட்டுனு, ஆபீஸெல்லாம் இல்லீங்கக்கா, என்னாட்டம் வலியில கெடக்கறவங்களுக்குக் கை கால் நீவி உடறா எம்புள்ள, அவ சொல்லிக் குடுத்துத்தான் நான் நடக்கறேன்னு சொல்லிட்டா. எனக்குக் கையில இருந்த காப்பி சிந்திருச்சு.

நேரத்துக்குச் சாப்புடு, உன்ற மணிக்கட்டையும் பாத்துக்க, நாளெல்லாம் அடுத்தவங்களுக்கு நீவற கை அது. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாம நூறு வருசம் இருக்கோணும். பொங்கலுக்கு வாரப்ப உங்கம்மா காலுக்கு ஒருக்கா உங்கையால எண்ணெ போட்டு உடு சாமி. அவ வாயத் தொறந்து கேக்க மாட்டா, ஆனா அந்த எண்ணெயப் புதுசா ஒரு பாட்டில் வாங்கி, செல்வி வந்து பிரிக்கட்டும்னு மூடி திறக்காம வெச்சிருக்கா.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லமுத்து