ஓடைமேட்டுக்குப்பத்து ஈய மூட்டையை எடுத்துச் செல்லக் கோரி

அனுப்புநர்
கு. வினிதா,
க/பெ. குணசேகரன்,
கடற்கரைத் தெரு,
ஓடைமேட்டுக்குப்பம்,
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்
உயர்திரு சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்,
மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம்,
வடசென்னை.

பொருள்: குடியிருப்புக்கு நடுவே பழைய டிவி, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் பேட்டரிகளை உருக்கும் கொட்டகையை மூடவும், அங்கிருந்து எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்த ஈயத்தைப் பாதுகாப்பாகத் திரும்பப் பெறவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட முகவரியில் கணவர், எட்டு வயது மகள் மகிழினி, ஒரு வயது மகன் வெற்றி ஆகியோருடன் வசித்து வருகிறேன். கணவர் ஃபைபர் படகில் மீன்பிடித் தொழில் செய்கிறார். நான் பிளஸ் டூ வரை படித்தவள். மனு எழுதித் தர அலுவலக வாசலில் ஆள் இருக்கிறார் என்றார்கள். என் வீட்டில் நடந்ததை இன்னொருவர் கையால் எழுத மனம் வராததால் நானே எழுதுகிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் தெருக்கோடியில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் இரண்டு வருடங்களுக்கும் மேலாகப் பழைய மின்சாதனங்களைப் பிரிக்கும் வேலை நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒயர்களை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ளே இருக்கும் பச்சைப் பலகைகளை இரும்புத் தகட்டில் வைத்துச் சூடாக்கி, வழியும் ஈயத்தைச் சட்டியில் பிடிக்கிறார்கள். பேட்டரிகளை உடைத்து ஆசிட்டை ஓடையில் ஊற்றிவிட்டு, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளை உருக்குகிறார்கள். எண்ணூர்க் காற்றுக்குப் பழகிய மூக்கு எங்களுக்கு. இது இன்னொரு நாற்றம் என்று விட்டுவிட்டோம்.

2. லாரியில் வரும் பொருட்களைத் திருட்டுப் பொருள் என்று நான் சொல்லவில்லை. நல்ல வீடுகளிலிருந்து நல்ல எண்ணத்தோடு கொடுத்தனுப்பியவைதான். ஒரு டிவியின் முதுகில் ‘பூமியைக் காப்போம், நன்றி’ என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். ஏதோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்கழிவு சேகரிக்கும் நாள் நடத்தியிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் கடமையை முடித்த நிம்மதியோடு தூங்கியிருப்பார்கள். அவர்கள் காப்பாற்ற நினைத்த பூமிக்குள் எங்கள் குப்பமும் அடக்கம் என்று நான் நம்ப விரும்புகிறேன்.

3. தாங்கள் கடல் தொழில் அறியாதவராக இருக்கலாம் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலை தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்க, அதன் அடிக்கயிற்றில் வரிசையாக ஈயக்குண்டு கோக்க வேண்டும். குண்டின் வெடிப்பில் கயிற்றை நுழைத்து, பல்லால் கடித்து மூடுவோம். இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருக்கும். அடுத்த குண்டுகள் வாயில் காத்திருக்கும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். முன்பெல்லாம் கடையில் வாங்கிய கொஞ்சம் ஈயத்தையே வருடக்கணக்கில் வைத்துக்கொள்வோம்.

4. கொட்டகை வந்த பிறகு ஈயம் இலவசமாகக் கிடைத்தது. அங்கு மேற்பார்வை பார்ப்பவர் பெனிட்டோ என்பவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். “கடலுக்குப் போறவங்களுக்குக் கொடுத்தா எனக்குப் புண்ணியம், கொண்டு போ தங்கச்சி” என்று என் கையில் அவரே கட்டி கட்டியாகக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வீடு அடுப்பில் வைத்து உருக்கி, குண்டு வார்த்தோம். சோறு வடித்த அதே அடுப்புதான். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. எங்கள் விஷயத்தில் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெனிட்டோ அண்ணன் மீது எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அவரும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார். அவரைப் பிடித்து உள்ளே வைப்பதற்காக இம்மனு எழுதப்படவில்லை. லாரியை அனுப்புகிறவர்கள் யார் என்று அவரைக் கேளுங்கள்.

5. என் மகள் பள்ளி விட்டு வந்ததும் என்னருகில் உட்கார்ந்து ஈயம் கோப்பாள். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த நேரம். “யம்மா, நான் கட்சது உன்னுதவிட டைட்டா கீது பாரு” என்று வலையைத் தூக்கிக் காட்டுவாள். உண்மையிலேயே இறுக்கமாகத்தான் இருக்கும். அவளுடைய அப்பா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துச் சிரிப்பார்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவரைப் போலவே மூச்சு விடாமல் கூவிக் காட்டுவாள். தெருவில் கூப்பிட்டு வைத்துக் கேட்பார்கள். போன வருடக் கடைசியில் அது நடுவில் நின்று போக ஆரம்பித்தது. கூவிக்கொண்டே வந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். விளையாடுகிறாள் என்று நாங்களும் சிரித்தோம். வயிற்றுவலி என்றாள், பூச்சி மருந்து கொடுத்தோம். வாய்ப்பாடு மறந்தது, டீச்சர் அடம் என்றார். பிறகு தன் பெயரையே பாதியில் நிறுத்தினாள்.

6. அரசு மருத்துவமனையில் குழந்தைகள் மருத்துவர் அடைக்கலமேரி அம்மையார் எங்களை உட்காரவைத்து, வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இரத்தத்தில் ஈயம் மிக அதிகம் என்று பரிசோதனையில் வந்தது, நகல் இணைத்துள்ளேன். கடித்ததும், அடுப்புப் புகையும், கொட்டகைப் புழுதியும் சேர்ந்து செய்த வேலை என்றார். மருந்து கொடுத்து ஈயத்தைக் குறைத்துவிட்டார். “போனது முழுசா திரும்பி வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்மா. இனிமே உள்ள போகாம பாத்துக்கோங்க” என்றார். அன்று பேருந்தில் வீடு திரும்பினோம். மகிழினி ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷமாக வேடிக்கை பார்த்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

7. வெற்றியின் இரத்தத்திலும் ஈயம் இருக்கிறது. இப்போதைக்குக் குறைவு, உடனே நிறுத்தினால் பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். அவன் தவழ்கிற பிள்ளை. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். நான் எவ்வளவு கழுவினாலும் காற்று திரும்பினால் கொட்டகைப் புழுதி தரையில் வந்து படிகிறது. அவசரம் என்று நான் எழுதுவது இவனுக்காக.

8. ஊரைக் கூட்டிச் சொன்னேன். “நம்ம பாட்டன் முப்பாட்டன் கடிக்காத ஈயமா? அவுங்க இன்னா பைத்தியமாவா பூட்டாங்க?” என்று கேட்டார் ஊர்ப் பெரியவர் ராமதாஸ். தெரு இளைஞர்கள் சிலர் கொட்டகையில் வேலை செய்கிறார்கள். அதுவும் ஒரு காரணம். ஆகவே இம்மனுவில் என் ஒருத்தியின் கையெழுத்து மட்டுமே உள்ளது. ஆனால் வீட்டுக்குள் கூப்பிட்டு, “எம் புள்ளையும் படிப்புல மக்காத்தான் கீறான், அந்த டெஸ்ட்டு எங்க எடுக்கறாங்கோ?” என்று மெதுவாகக் கேட்ட தாய்மார்கள் உண்டு. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

9. என் கணவர் வலையிலிருந்த ஈயம் முழுவதையும் வெட்டி எடுத்துச் சாக்கில் கட்டிவிட்டார். வலை இல்லாமல் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். அந்தச் சாக்கை எங்கே கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. பழைய இரும்புக்கடையில் சந்தோஷமாக வாங்குவார்கள். ஆனால் அது இன்னொரு குப்பத்தில் இன்னொரு பிள்ளையின் வாய்க்குப் போகும். குப்பை வண்டிக்காரர், “இத்த கொண்டுபோய் கடல்ல கடாசுமா” என்றார். கடலில் போட்டால் நாங்கள் எதைப் பிடித்துச் சாப்பிடுவது? ஆகையால் சாக்கு எங்கள் வீட்டு ஓட்டின் மேல் இருக்கிறது.

எனவே ஐயா அவர்கள் நேரில் வந்து பார்வையிட்டு, கொட்டகையில் உருக்குவதையும் எரிப்பதையும் உடனே நிறுத்தவும், தெரு மண்ணைச் சோதித்து அகற்றவும், குப்பத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யவும், பழைய மின்சாதனங்களையும் பேட்டரிகளையும் பொதுமக்கள் நம்பிக் கொடுக்க இப்பகுதியில் முறையான மையம் ஒன்றை அமைக்கவும், வேலை இழக்கும் இளைஞர்களுக்கு அங்கேயே பாதுகாப்பான வேலை தரவும் வேண்டுகிறேன். நஷ்டஈடு கேட்கவில்லை. எதற்கென்று கேட்பது?

இதற்கெல்லாம் நாளாகும் என்றால், அந்தச் சாக்கை மட்டுமாவது ஆள் அனுப்பி எடுத்துச் செல்லுங்கள். பள்ளி விட்டு வந்ததும் மகிழினி அதை அண்ணாந்து பார்த்து, “யம்மா, வலைக்கு எப்போ கோக்கப் போறோம்?” என்று கேட்கிறாள். இனி கோக்க வேண்டாம், அதில் விஷம் இருக்கிறது என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்கிறேன். பயந்து போய்த் தலையாட்டுகிறாள். மறுநாள் அவளுக்கு அது நினைவில் இருப்பதில்லை, ஐயா. மறுபடியும் வந்து கேட்கிறாள், நானும் மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன்.

தங்கள் வருகைக்காகக் காத்திருக்கும்,

கு. வினிதா
(கையொப்பம்)

நாள்: 08.09.2025
இடம்: திருவொற்றியூர்