ஆறு நிரவிய மனை

மாப்பிள்ளை,

உங்கள் வீட்டில் இப்போது புதுப் பெயிண்ட் வாசனை. கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. "மாமா, வீடு பார்க்க ஆள் வர்றாங்க, அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க" என்று உங்கள் மகன் போன் செய்திருந்தான். மலைமேல் பூண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் என் தங்கையை அழைத்துக்கொண்டு அய்யம்பாளையம் வந்து சேர்ந்தேன். கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் இளமஞ்சள். என் மார்பளவுக்கு எல்லாச் சுவரிலும் ஓடிய அந்தச் சேற்றுக் கோடு எங்கேயும் இல்லை. வெள்ளம் வந்த வீடு என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் பூசி மறைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவன் மேல் மட்டும் ஆத்திரம் என்றால் அவனிடமே கத்திவிட்டுப் போயிருப்பேன். உங்கள் மேலும் இருக்கிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

இந்த மனையை முதன்முதலில் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறதா? முழங்கால் வலி, மலைக் குளிர் ஆகவில்லை, கீழே போய் இருக்கலாம் என்று நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். மனை விற்றவர்கள் வைத்திருந்த போர்டில் மலைக்காற்று, தென்னஞ்சோலை, பஸ் வசதி எல்லாம் இருந்தன. பின்பக்கம் கிடந்த ஓடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தீர்கள். "மச்சான், பாருங்க, ஒரு படி ஏற வேண்டாம், ஒரு படி எறங்க வேண்டாம்!" என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தீர்கள்.

நாம் மலைக்காரர்கள். சரிவை வெட்டி, கல்லடுக்கி, மண் சுமந்து கொட்டித்தான் ஒரு பாத்தி பூண்டு போட நமக்குச் சமதளம் கிடைக்கும். நிலம் தானாகச் சமமாகாது, யாராவது இடுப்பொடிய நிரவ வேண்டும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அப்படியிருந்தும் இந்த இடத்தை நிரவியது யார் என்று இருவருமே கேட்கவில்லை. தண்ணீர்தான் நிரவியிருக்கிறது. வருஷம் வருஷமாக வந்து, வண்டலைப் பரப்பி, தான் படுக்க இடம் செய்து வைத்திருக்கிறது. அதன் படுக்கையில் நீங்கள் போய் வீடு கட்டினீர்கள்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்று அது நம்மிடம் வாய்விட்டே சொன்னது. இடுப்பளவு ஆழத்தில் நல்ல ஆற்று மணல். அதற்கடியில் கோழிமுட்டை போல உருண்டை உருண்டையாகக் கற்கள். "மணல் வெலைக்கு வாங்க வேண்டியதில்ல மச்சான், அதிர்ஷ்டத்தப் பாருங்க" என்றீர்கள். நான் ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தேன். தண்ணீர் உருட்டாமல் ஒரு கல் அப்படி வழவழப்பாகாது. அது என் கைக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வேறு, "மழக்காலத்துல நாங்க இங்க கிடை போட மாட்டோம்யா" என்றார். "ஆட்டுக்கு வீடு கட்டல பெரியவரே, எனக்குத்தான் கட்டுறேன்" என்று நீங்கள் மடக்கினீர்கள். வேலையாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றுவரை அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெண் கொடுத்தவன் மாப்பிள்ளை பேச்சை மறுக்கக் கூடாது என்று நம் பக்கம் ஒரு மரியாதை இருக்கிறதே, அதுதான். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து உங்கள் முன்னால் என் குரல் ஒரு படி இறங்கித்தான் வந்திருக்கிறது. வயதில் மூத்தவன் நான், இருந்தும் பந்தியில் உங்கள் இலைக்கு அப்புறம்தான் என் இலை.

அந்தச் சுற்றுச்சுவர் கட்டும்போது மட்டும் வாய் வரை வந்தது. மலையில் ஒரு முழக் கல்கட்டு கட்டினாலும் தண்ணீர் வடிய நடுவில் பொந்து விட்டுக் கட்டுபவர் நீங்கள். விடாமல் கட்டிய ஆட்களை விரட்டி விரட்டித் திட்டியிருக்கிறீர்கள். இங்கே ஓடைப் பக்கம் ஆளுயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர், ஒரு விரல் நுழைய இடமில்லை. "தண்ணி வடிய ஏதாச்சும்..." என்று இழுத்தேன். "பொந்து விட்டா பாம்பு வரும் மச்சான். அந்த ஓடையில ஏது தண்ணி? வெறும் மணலு கெடக்கு" என்றீர்கள். சரிங்க என்றேன்.

கடைசியாக நீங்கள் போன் செய்த மத்தியானம் இங்கே வெயிலாம். "மேல பெரும்பாறைப் பக்கம் கருகருன்னு மேகம் கட்டியிருக்கு மச்சான். பூண்டுக் காட்டுல வெரசா வடிகால வெட்டி விட்ருங்க, தண்ணி நின்னா வேர் அழுகிரும்" என்றீர்கள். மலையில் பிறந்தவர், மேலே இருட்டினால் கீழே என்ன வரும் என்று தெரியாதா? என் பூண்டுக்குக் கவலைப்பட்ட நேரத்தில் உங்கள் காலடியைப் பார்த்திருக்கக் கூடாதா? தங்கை மாவு அரைக்கப் போயிருந்தாள். சுவருக்குப் பின்னால் ஓடை ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. சுவர் காக்கிறது என்று நம்பி, சுவரோரம் நின்ற பைக்கைத் திண்டில் ஏற்றப் போயிருக்கிறீர்கள். சுவர் மொத்தமாக உங்கள் மேல் சாய்ந்தது.

காரியம் முடிந்தபின் கிராம அலுவலகத்துக்குப் போய்ப் புலப்படத்தைக் கேட்டேன். ஒரு மனுவும் அரை நாளும்தான் செலவு. ஓடை இரண்டு கோடாக வளைந்து வந்து உங்கள் மனையின் வடக்கு மூலையை வெட்டிக்கொண்டு போகிறது. நிலத்தை வாங்குமுன் நாம் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம், வாஸ்து பார்த்தோம், இந்தத் தாளை மட்டும் பார்க்கவில்லை.

இப்போது வீடு பார்க்க வந்தவர்கள் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். அந்தம்மாவுக்கும் முழங்கால் வலி போலிருக்கிறது, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். "மழை பெஞ்சா தண்ணி வருமா?" என்று வாத்தியார் கேட்டார். புரோக்கர், "குடிக்கவே இங்க தண்ணி பத்தல சார்" என்று சிரித்தான். உங்கள் மகன் என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காதீர்கள் என்கிற பார்வை. வீடு விற்றால்தான் அவன் அம்மாவுக்கு ஒரு பிடிப்பு என்பதும் எனக்குத் தெரியும். அப்போது அந்தம்மா, "ஒரு படி கூட இல்லைங்க, நம்ம காலுக்கு நல்லது" என்று தன் கணவரிடம் சொன்னார். அதே சிரிப்பு, மாப்பிள்ளை.

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தேன். வீட்டைக் கழுவிவிட்ட நாளில், பூண்டுக் கட்டு கட்டும் சணல் கயிறு ஒன்றை எடுத்துத் தரையிலிருந்து சேற்றுக் கோடு வரை அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். எதற்கென்று அன்று தெரியாது. "இங்க வந்து நில்லுங்கம்மா" என்றேன். கயிற்றைத் தொங்கவிட்டபோது என் தங்கை சமையலறையிலிருந்து வந்து அதன் கீழ் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டாள். முடிச்சு அந்தம்மாவின் தொண்டைக்கு வந்தது.

"தண்ணி இம்புட்டு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம்தான் கெடந்தாரு" என்றாள் தங்கை.

அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். "எங்க வீட்டு விஷயத்துல நீங்க எப்படி மாமா தலையிடலாம்?" என்று உங்கள் மகன் கத்தினான். "உங்கப்பன் வீட்டு விஷயத்துல தலையிடாமத்தான்டா அவரத் தூக்கிக் குடுத்தேன்" என்று நானும் கத்தினேன். இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. வீடும் விற்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் தங்கை மலையைப் பார்த்தபடி வந்தாள். பாதி வழியில், "அண்ணே, அந்தக் கயித்தத் தூரப் போட்றாதீங்க" என்றாள். போடவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். புரோக்கர் அடுத்த ஆளைக் கூட்டிவருவான், நானும் கீழே இறங்குவேன். உங்களிடம் பார்த்த மரியாதையை இனி ஒருவரிடமும் பார்க்க மாட்டேன்.